வேப்பமரத்தடி என்று நான் சொன்னது

எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். காயப்போட்ட துணியை எடுக்கப் போகும்போது அது பாட்டுக்கு அங்கே நிற்கும், நாங்கள் பாட்டுக்கு இறங்கி வருவோம். ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆட்கள் மலைக்குப் போவதென்றால் ஒரு காரியம் இருக்கவேண்டும். புளி வாங்க, சாமை வாங்க, கல்யாணத்துக்குச் சொல்ல. வண்டி வைத்து, கூடவே விளக்கம் சொல்ல ஆள் வைத்துச் சுற்றிப் பார்ப்பதெல்லாம் சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் செய்கிற வேலை. அதனால்தான் போன தை மாசம் என் மனைவி, மலைமேல் இருக்கிற அந்தக் கல்லு வீட்டை ஒரு தரம் பார்க்கவேண்டும், வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றபோது நான் சிரித்துவிட்டேன். அறுபது வயசில் மேடத்துக்கு டூர் கேட்கிறதா என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கல்லு வீடுகளை அவள் போனில் பார்த்திருந்தாள். பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டு, முன்பக்கம் ஒரு வட்ட ஓட்டை வைத்திருப்பார்கள். மலைக்காரர்கள் அதைக் குள்ளர் வீடு என்பார்கள். ஒரு காலத்தில் முழங்கால் உயர மனிதர்கள் இருந்தார்கள், அவர்கள் கட்டிய வீடு என்று கதை. தொப்பி போட்ட ஒருவர் மூச்சு விடாமல் பேசுகிற வீடியோ அது. அவள் அதை மூன்று சாயங்காலம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொப்பிக்காரர் என்ன சொன்னார் என்று காது கொடுத்திருந்தால், அவள் ஏன் கேட்கிறாள் என்று அப்போதே புரிந்திருக்கும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வீட்டில் யார் பேசினாலும் என் காது அரை அடைப்புதான்.

போகிற கதையைச் சொல்லுமுன் இன்னொன்றைச் சொல்லிவிடவேண்டும். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் நான் மறுபடியும் ஏமாற்றுகிறவன் ஆவேன்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. நாலு வயசில் காய்ச்சல் வந்தது. மூன்றாவது நாள் வேலூரில் போய்விட்டது. எல்லாரும் முடிந்ததைச் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. இருந்திருந்தால் இப்போது அவளுக்கே ஒரு குழந்தை இருக்கும். மதியம் ஊருக்குக் கொண்டுவந்தோம். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வரமாட்டார்கள், தெருமுனையோடு நிறுத்திவிடுவார்கள். என் மனைவியை நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். குழந்தை என்பதால் பாடை இல்லை, மேளமும் இல்லை. நான் கையில் தூக்கிக்கொண்டு போனேன். ஏரிக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் ஒரு ஓரமாகக் குழி எடுத்திருந்தார்கள். மண் தள்ளி முடிந்ததும் என் பெரியப்பா தோளைப் பிடித்துத் திருப்பி, "திரும்பிப் பாக்காம நட. கல்லு கில்லு ஒண்ணும் வெக்காத. சின்னதுக்குக் கல்லு வெச்சா அடுத்தது வூட்ல தங்காது" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கல்லும் வைக்கவில்லை. அடுத்தது வரவே இல்லை.

நாற்பது நாள் கழித்து ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கே போனேன். இடம் தெரியவில்லை. நடுவில் ஒரு பெரிய கோடை மழை பெய்திருந்தது. மேடு எல்லாம் கரைந்து தரை ஒரே மட்டமாகக் கிடந்தது. ஓரம் என்றுதான் ஞாபகம். ஓரம் நாலு பக்கமும் இருந்தது. அப்போதே பெரியப்பாவையோ குழி எடுத்தவரையோ கேட்டிருக்கலாம். பெற்ற பிள்ளையை வைத்த இடம் தெரியவில்லை என்று எந்த வாயால் கேட்பது? இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று இருந்தேன். கொஞ்ச வருஷத்தில் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவன். எங்கள் செக்‌ஷனில் எந்தக் கம்பம் எந்தக் கொல்லையில் நிற்கிறது, எந்த வீட்டுக்கு எந்தக் கம்பத்திலிருந்து ஒயர் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புயலில் சாய்ந்த கம்பத்தின் பழைய குழியை இருட்டில் காலால் தடவிக் கண்டுபிடித்திருக்கிறேன். ஆபீசில் என்னை ‘மேப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மேப்புக்கு இந்த ஒரு இடம் தெரியாது.

குழந்தை போன இரண்டாம் மாசம், சோறு போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள். "எந்த எடத்துலங்க வெச்சீங்க அவளை?" நான் தட்டைப் பார்த்தபடி, "ஏரிக்கரை ஓரமா, ஒரு வேப்பமரத்தடியில. நல்ல நெழலு" என்றேன். அங்கே வேப்பமரம் கிடையாது. முள்ளுச்செடிதான் உண்டு. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். சித்திரை மாசம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, அதனால் இருக்கலாம். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வேறு யாரிடமும் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் என் குட்டு என்றைக்கோ உடைந்திருக்கும்.

ஆனால் வருஷத்துக்கு ஒருநாள், குழந்தை பிறந்த நாளன்று, வீட்டில் பூந்தி போடுவாள். அதில் ஒரு கைப்பிடியை வாழை இலையில் மடித்து என் கையில் கொடுத்து, போய் வைத்துவிட்டு வாங்க என்பாள். நான் வாங்கிக்கொண்டு போவேன். ஏரி மதகுமேல் உட்கார்ந்து ஒரு பீடி குடிப்பேன். பிறகு உள்ளே போய் ஏதோ ஒரு இடத்தில் இலையைப் பிரித்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். முதல் சில வருஷம் அழுதேன். அப்புறம் பழகிவிட்டது. பழகிப்போனதுதான் எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இப்போது மலைக்குப் போன கதைக்கு வருகிறேன்.

வண்டிக்கு ஆலங்காயத்தில் ஒரு டீக்கடைக்காரர் ஆள் பிடித்துக் கொடுத்தார். வண்டியும் அந்த ஆளுடையதே, விளக்கமும் அவருடையதே, மலையிலேயே பிறந்தவர் என்றார். நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் நீல நாடாவில் ஒரு அட்டை தொங்கியது. காலை ஆறரை மணிக்கு எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்து, "இயற்கை அன்னையின் மடியாம் ஜவ்வாது மலை உங்களை அன்புடன் வரவேற்கிறது" என்றார். இன்னும் ஒடுகத்தூர்கூடத் தாண்டவில்லையே, மலைக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் அப்புறம் மறக்காது என்றார். ஆள் நல்லவர் என்று தெரிந்தது. மனப்பாடம் செய்ததைச் சொல்லும்போது செந்தமிழ், வாய் தவறினால் மலைத் தமிழ்.

ஆலங்காயத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பழக்கதோஷத்தில் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே ஒயர் தளர்ந்து தொங்கியது, யார் இந்த செக்‌ஷனைப் பார்க்கிறான் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. காவலூரில் மரங்களுக்கு மேலே அந்த வெள்ளை உருண்டைக் கட்டடம் தெரிந்ததும் அவர் வேகத்தைக் குறைத்து, நட்சத்திரம் பார்க்கிற இடம், இறங்கி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என் மனைவி, அதெல்லாம் வேண்டாம், நேராகக் கல்லு வீட்டுக்கு விடுங்கள் என்றாள். அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கட்டடத்துக்கென்று வைத்திருந்த விளக்கம் முழுவதும் வீணாகப் போயிற்று.

ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு கேழ்வரகுக் கொல்லை ஓரம் வண்டியை நிறுத்தினார். வழியில்தான் இருக்கிறது, இதை மட்டும் பாருங்கள் என்றார். ஒரு மரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். அதில் ஒரு ஆள், கையில் வில், காலடியில் கோடு கோடாக மாடு. மஞ்சளும் குங்குமமும் பூசி, எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கறுத்திருந்தது. வேடியப்பன் என்று கும்பிடுகிறோம், உண்மையில் இது நடுகல் என்று ஆரம்பித்தார். ஊர் மாட்டை யாரோ ஓட்டிக்கொண்டு போனபோது, அதை மீட்கப் போய் அம்பு பட்டுச் செத்தவனுக்கு ஊரார் வைத்த கல். கீழே, செங்கம் பக்கத்தில் எஜமானுக்காகச் சண்டை போட்டுச் செத்த நாய்க்குக்கூட இப்படி ஒரு கல் இருக்கிறது, அதில் நாயின் பேரும் வெட்டியிருக்கிறது என்றார்.

"நாய்க்கா?" என்றாள் என் மனைவி.

ஆமாம், பேரோடு என்றார் அவர். அவள் அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

குள்ளர் வீடுகளுக்கு வண்டி போகாது. பாறைமேல் அரைமணி நேரம் நடக்கவேண்டும். சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றபடி சமைத்த முழங்கால்கள் அவளுடையவை, மாடிப்படி ஏறவே முனகுவாள். அன்றைக்கு முனகவில்லை. எனக்கு முன்னால் போனாள். ஊரார் பிள்ளைகள் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்று கணக்கே இல்லை, அதைப் பற்றிச் சொல்லவும் மாட்டாள்.

மேலே சமதளத்தில் அந்த வீடுகள் கிடந்தன. சில முழுசாக, சில சரிந்து, சிலவற்றைப் புதையல் தேடியவர்கள் கெடுத்து வைத்திருந்தார்கள். ஆள் உயரத்தில் பாதி இருக்கும். நம்ம வண்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் செந்தமிழை எடுத்தார். மக்கள் இதைக் குள்ளர்களின் இல்லம் என நம்பினாலும், ஆய்வாளர்கள் இதைக் கல்திட்டை என்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இறந்தோரைப் போற்றும் பொருட்டு எழுப்பப்பட்ட ஈமச்சின்னம். அதாவது, என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்தி, "சுடுகாடுதாம்மா இது. வூடு இல்ல" என்றார்.

"தெரியும்ங்க" என்றாள் என் மனைவி. "அதுக்குத்தான் வந்தேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு சின்னக் கல்திட்டையைக் காட்டி, இது ஏன் சின்னதாக இருக்கிறது என்று அவரிடம் கேட்டாள். கல் கிடைக்கவில்லையோ என்னவோ, சின்னப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், உறுதியாகத் தெரியாது என்றார். அந்தக் காலத்தில் பெண்கள் கூட வந்திருப்பார்களா என்று கேட்டாள். அவருக்கு இந்தக் கேள்வி மனப்பாடத்தில் இல்லை. அட்டையைத் திருப்பிக்கொண்டே யோசித்தார். "தெரியலம்மா. இம்மாம் பெரிய கல்லைத் தூக்கணும்னா ஊரே வந்திருக்கும். பொம்பளைங்களும் வந்திருப்பாங்க" என்றார்.

அவள் அந்தச் சின்ன வீட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வட்ட ஓட்டைக்குள் கையை விட்டாள். முழங்கைவரை போயிற்று. பாம்பு கீம்பு இருக்கும் என்று அவர் பதறினார். அவள் எடுக்கவில்லை. உள்ளே எதையும் தேடவும் இல்லை. வெறுமே வைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்க நெற்றியில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்போமே, அந்த மாதிரி. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் கொஞ்ச தூரம் நடந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பாறை நிழலில் மூன்று பேரும் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு சாப்பிட்டோம். அவர் கை கழுவப் போனபோது அவள் என்னிடம் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"நான் போகக்கூடிய சுடுகாடு இது ஒண்ணுதான்னு வந்தேன். இங்க வந்து பாத்தா, நம்ம ஊருதுக்கும் போனா இன்னான்னு தோணுது. நம்மளத் தடுத்தவங்க யாரும் இப்ப இல்ல. போற வழியில என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. ஒரு கல்லு வெச்சுட்டு வந்துடறேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

இறங்கும்போது கொல்லை ஓரத்தில் பொறுக்கிப் போட்டிருந்த கல் குவியலில் அவள் தேட ஆரம்பித்தாள். நம்மவர், மேலே இருக்கிற கல்லைத்தான் தொடக்கூடாது, இது என் மச்சான் கொல்லைதான், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எதற்கு என்று கேட்டார். வீட்டில் துணி துவைக்க என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "எம் பொண்ணுக்குங்க. நாலு வயசுல பூட்டா. ஊர்ல கல்லு வெக்க உடல" என்றாள். அதற்குப் பிறகு அவர் செந்தமிழ் பேசவே இல்லை. அவரும் கூடச் சேர்ந்து தேடினார். ஒரு பக்கம் தட்டையாக, ஒரு முழ உயரத்தில், லேசாகச் சிவப்போடிய கல் ஒன்றை அவர்தான் கண்டுபிடித்தார். தோளில் வைத்துக்கொண்டு வந்து, பின்சீட்டில் சாக்கு விரித்து, அது உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டிலை முட்டுக் கொடுத்து வைத்தார். என் மனைவி முன்சீட்டில் உட்காரவில்லை. அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மலை இறங்குகிற நேரம் முழுக்க நான் என்னென்ன யோசித்தேன் என்று சொன்னால் யாரும் என்னை மதிக்கமாட்டார்கள். ஏதாவது ஒரு இடத்தைக் காட்டிவிடலாம் என்று யோசித்தேன். மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் ஓடிய பொய் இன்னும் ஒரு மணி நேரம் ஓடாதா? பிறகு வேறு வழியும் பார்த்தேன். இன்றைக்கு நாள் சரியில்லை, வெள்ளிக்கிழமை போகலாம் என்றேன். இன்றைக்கே என்றாள். உனக்குக் கால் வலிக்கும் என்றேன். வலிக்கவில்லை என்றாள். ஆலங்காயத்தில் டீ குடிக்கலாம் என்றேன். வீட்டில் போய் நான் போட்டுத் தருகிறேன் என்றாள். அவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். அவர் ஏதோ எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். அதை முகர்ந்துகொண்டே வந்தேன்.

சும்மா ஒரு இடத்தைக் காட்டியிருக்கலாம். முடியவில்லை. வீணாகப் போன பூந்தி எல்லாம் போகட்டும். வேறு யார் பிள்ளைமேலோ அவள் கல்லை நட்டு, அந்தக் கல்லில் கையை வைத்துக்கொண்டு உட்காருவாள். மேலே பாறையில் அவள் கையை உள்ளே விட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. உண்மையைச் சொல்லவும் துணிவில்லை. இரண்டுக்கும் நடுவில் வண்டி ஒடுகத்தூருக்கு வந்துவிட்டது.

ஏரிக்கரைமேல் வண்டி போகிற அளவுக்கு இப்போது ரோடு போட்டிருக்கிறார்கள். நல்ல வெளிச்சம் இருந்தது, வெயில் மட்டும் தணிந்திருந்தது. நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் வருஷத்துக்கு வருஷம் மாறிவிட்டது. முள்ளை ஜே.சி.பி. வைத்து வாரி, மேட்டையும் பள்ளத்தையும் நிரவி, சுற்றுச்சுவர் எடுத்து, நடுவில் எரிப்பதற்கு ஒரு கான்கிரீட் கொட்டகை கட்டியிருக்கிறார்கள். தரை வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. அவள் கண்ணாடிக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

இறங்கினோம். நம்மவர் கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் உள்ளே போனார். பத்து அடி போய்த் திரும்பி, "எந்த எடம்ங்க சார்?" என்றார்.

அவர் மறுபடியும் கேட்டார். அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று தலையால் காட்டினார். கல் கனம், அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இனிமேலும் அவரை நிற்கவைக்க முடியாது.

"எனக்குத் தெரியல" என்றேன். அவரிடம் இல்லை, அவளிடம்.

அவள் புரியாமல் பார்த்தாள். "இன்னா தெரியல?"

"எடம் தெரியல. அன்னிக்குத் திரும்பிப் பாக்காதன்னாங்க, பாக்கல. அப்புறம் வந்து தேடினேன். கெடைக்கல."

"அந்த வேப்பமரம்?"

"இல்ல."

"வெட்டிட்டாங்களா?"

"எப்பவும் இல்ல."

அவள் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் கொட்டகையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மர நிழலே இல்லாத அந்தத் தரை முழுவதையும் பார்த்தாள். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்.

"எனக்குத் தெரியாட்டி போவுது, உங்களுக்காவது தெரியும்னு இருந்தேங்க. ஒருத்தராவது அவகிட்டப் போய்ட்டு வர்றோம்னு இருந்தேன்."

இத்தனை வருஷம் நான் என் வெட்கத்தைத்தான் மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் அந்த வேப்பமரத்தையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் எதை வைத்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளுக்குச் சிரித்தபடி சோறு போட்டாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதையும் அந்த நிமிஷத்தில் நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். சுவர் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை போய், ஒரு அடி தள்ளி மறுபடி திரும்பி வந்தாள். ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள், பிள்ளைகள் வரிசையாகத் தூங்குகிற கூடத்தில் யாரையும் மிதிக்காமல் நடக்கிற மாதிரி. அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாளா, வேறு ஏதாவதா, தெரியாது. நான் பின்னால் போகத் துணியாமல் வாசலிலேயே நின்றேன்.

நம்மவர் பாவம், யார் வீட்டுத் துக்கமோ, அவர் தோளில் கனத்தது. ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அவள் பாதிக்குமேல் நடந்திருப்பாள். அவரால் முடியவில்லை.

"அம்மா, கல்லைக் கொஞ்சம் கீழ வெச்சுக்கட்டுமா?" என்றார்.

அவள் நின்றாள். திரும்பி அவரைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாங்க, வெக்காதீங்க" என்றாள். "யார் மேல வெக்கிறோம்னு தெரியாது."

நான் ஓடிப்போய் இன்னொரு பக்கம் கையைக் கொடுத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து, தரையில் படாமல், அந்தக் கல்லை மறுபடியும் வண்டிக்குக் கொண்டுபோனோம்.